சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எத்தனை மணி நேரம்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனோ மகளோ டிக்கெட் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். அதைத் திறந்ததும் பெற்றோர் முதலில் தேடுவது, எப்போது கிளம்புகிறது, எப்போது போய்ச் சேருகிறது என்பதைத்தான். உதாரணத்துக்கு, சென்னையில் இரவு 11.15-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கழித்துப் பார்த்தால் ஆறே முக்கால் மணி நேரம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதைப் பார்த்ததுமே மலைப்பாக இருக்கும். திரும்பி வரும் டிக்கெட்டைப் பார்த்தால் இரவு 8 மணிக்குக் கிளம்பி 9.45-க்குச் சென்னை என்றிருக்கும். போகும்போது ஆறே முக்கால், வரும்போது ஒன்றே முக்காலா?

டிக்கெட்டில் தவறு ஏதும் இல்லை. கிளம்பும் நேரம் கிளம்பும் ஊரின் கடிகாரப்படியும், இறங்கும் நேரம் இறங்கும் ஊரின் கடிகாரப்படியும் அச்சிடப்படுகிறது. உலகத்தில் எந்த விமான டிக்கெட்டாக இருந்தாலும் இதுதான் வழக்கம். சிங்கப்பூர்க் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. போகும்போது அந்த இரண்டரை மணி நேரம் பயணத்தோடு கூடிக்கொள்கிறது, வரும்போது கழிந்துகொள்கிறது.

இரண்டு டிக்கெட்டும் கையில் இருந்தால், நேர வித்தியாசம் தெரியாமலேயே உண்மையான பயண நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். ஆறே முக்காலையும் ஒன்றே முக்காலையும் கூட்டினால் எட்டரை. அதில் பாதி நாலேகால். விமானத்துக்குள் நீங்கள் உட்காரப்போவது அந்த நாலேகால் மணி நேரம்தான். கூட்டுவதற்குப் பதில் கழித்தால் ஐந்து வரும். அதில் பாதியான இரண்டரைதான் இரு ஊர்களின் கடிகார வித்தியாசம். லண்டன், துபாய், சிட்னி என எந்த ஊருக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையப் பொருந்தும். வெகுதூரப் பயணங்களில் காற்றின் போக்கால் போகும் நேரமும் வரும் நேரமும் கொஞ்சம் வேறுபடும் என்பதால் சிறிது முன்பின் இருக்கலாம்.

நாலேகால் மணி நேரம் என்பது சென்னையிலிருந்து திருச்சிக்குப் பேருந்தில் போகும் நேரத்தைவிடக் குறைவு. மலைத்துப்போகிறவர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

தூரம் எவ்வளவு?

சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், சுமார் 2,920 கிலோமீட்டர். சில இடங்களில் இதையே 1,815 என்று போட்டிருப்பார்கள். அது மைல் கணக்கு. 1,577 என்று இருந்தால் அது கடல் மைல். விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்துவது. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பத்து இருபது கிலோமீட்டர் முன்பின் இருந்தால் குழம்ப வேண்டாம். ஊரின் மையத்திலிருந்து அளந்தார்களா, விமான நிலையத்திலிருந்து அளந்தார்களா என்பதைப் பொறுத்து அந்த வித்தியாசம் வரும்.

விமானம் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே பறப்பதில்லை. வானத்தில் வகுக்கப்பட்ட பாதைகள் இருக்கின்றன. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறது, வழியில் இடிமேகம் இருக்கிறதா என்பதையெல்லாம் பொறுத்துச் சில பத்துக் கிலோமீட்டர்கள் கூடும். ஆனாலும் கோட்டின் போக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. சன்னலோர இருக்கை கிடைத்துப் பகலில் பறந்தால் எதைப் பார்க்கிறோம் என்று தெரியும். சென்னைக் கரையைத் தாண்டியதும் வெகுநேரம் வங்கக் கடல்தான். அதன் தென்கிழக்கு மூலையில் நிக்கோபார் தீவுகள். ராஜேந்திர சோழனின் தஞ்சைக் கல்வெட்டு மாநக்கவாரம் என்று குறிப்பிடுவது இவற்றைத்தான். கோடு பெரிய நிக்கோபாரை ஒட்டிப் போய், சுமத்ராவின் வடமுனையைக் கடந்து, மலாக்கா நீரிணையின் மேலேயே தென்கிழக்காக இறங்குகிறது. நீரிணையின் மறுகரையில் இருப்பது கெடா. சோழர்கள் சொன்ன கடாரம். இறங்குமுன் கீழே கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டு நிற்பது தெரியும்.

இதே கடலைக் கப்பலில் கடந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். 1926-இல் கட்டப்பட்ட ராஜுலா என்ற கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போய்க்கொண்டிருந்தது. பெரும்பாலோர் மேல்தளப் பயணிகள். பாயும் மூட்டையுமாக ஏறக்குறைய ஒரு வாரம் கடலில். அதன் பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழி நின்றுபோனது. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது ராஜுலாவில் போயிருந்தால் அவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். இப்படிச் சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

எந்த விமான நிலையம் பக்கம்?

வரைபடத்தில் திருச்சி சென்னைக்குத் தெற்கே இருக்கிறது, சிங்கப்பூரும் தெற்கே இருக்கிறது, ஆகவே திருச்சியிலிருந்து தூரம் குறைவு என்று பலரும் நினைக்கிறார்கள். திருச்சி மேற்கேயும் தள்ளியிருக்கிறது. அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 2,980 கிலோமீட்டர்; சென்னையைவிட 60 கிலோமீட்டர் அதிகம். மதுரையிலிருந்து அளந்தால் ஏறக்குறைய 3,010, கோயம்புத்தூரிலிருந்து 3,160.

இந்த வித்தியாசங்களுக்காகக் கவலைப்படவே வேண்டாம். 60 கிலோமீட்டரை விமானம் ஐந்து நிமிடத்தில் கடந்துவிடும். கணக்கில் எடுக்க வேண்டியது உங்கள் வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரையுள்ள சாலைத் தூரம். கும்பகோணத்துக்காரர் ஒருவர் சென்னை போய் ஏறினால் சாலையில் ஆறேழு மணி நேரம் போகும். வழியில் நெரிசல் இருக்குமோ என்று பயந்து முதல் நாளே கிளம்பி அறை எடுத்துத் தங்க நேரும். அவரே திருச்சி போனால் இரண்டு, இரண்டரை மணி நேரம். டெல்டா மாவட்டங்கள், புதுக்கோட்டை, கரூர், பெரம்பலூர் பக்கத்தார் திருச்சி டிக்கெட் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுப்பது நல்லது. கார் வாடகையையும் அறை வாடகையையும் சேர்த்துப் பார்த்தால் சென்னை டிக்கெட் மலிவாகவே இருக்காது. 2024-இல் திருச்சியில் பெரிய புதிய முனையமும் வந்துவிட்டது. விழுப்புரத்துக்காரர்களுக்கு இரண்டு ஊர்களும் ஏறக்குறைய சமதூரம். அவர்கள் விலையைப் பார்த்து முடிவு செய்யலாம்.

வழியில் இறங்கி மாறும் டிக்கெட்டுகள் மலிவாக வரும். இதிலும் தூரத்தையும் நேரத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். கோலாலம்பூர் ஏறக்குறைய சென்னை–சிங்கப்பூர் நேர்கோட்டிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து கோலாலம்பூர் சுமார் 2,630 கிலோமீட்டர், அங்கிருந்து சாங்கி 300-க்குச் சற்றுக் குறைவு. கூட்டினால் நேரடித் தூரம்தான் வருகிறது. சுற்று என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனாலும் பயணம் நாலேகாலிலிருந்து ஏழெட்டு மணி நேரமாகிவிடும். இறங்குவது, நடப்பது, பாதுகாப்புச் சோதனை, காத்திருப்பு, மறுபடி ஏறுவது, ஏறியதும் முக்கால் மணி நேரத்தில் இறங்குவது என்று நேரம் தரையில் போய்விடுகிறது. கொழும்பு வழி உண்மையிலேயே சுற்று. சுமார் 470 கிலோமீட்டர் கூடுதல். இரண்டு விமானங்களையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு. நடுவிலுள்ள நாட்டுக்குள் முறைப்படி நுழைந்து, லக்கேஜை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டிவரும். அந்த நாட்டின் நுழைவு விதிகளும் உங்களுக்குப் பொருந்தும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. தனியாக முதல் தடவை போகும் வயதானவர்களுக்கு நேரடி விமானத்தைத் தவிர வேறெதையும் போடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் வற்புறுத்திச் சொல்வேன்.

நாலேகால் மணி நேரம் எங்கே போகிறது?

ஏர்பஸ் 320 போன்ற விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு 830, 840 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 2,920-ஐ 840-ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. பாதையும் கொஞ்சம் வளைந்து செல்லும். அதனால் வானத்தில் இருப்பது ஏறக்குறைய மூன்று மணி ஐம்பது நிமிடம். கிளம்பியதும் விமானி அறிவிப்பது இந்த நேரத்தைத்தான். டிக்கெட்டில் போட்டிருப்பது வேறு. அது வாயிலிலிருந்து விமானம் பின்னோக்கி நகரத் தொடங்கியதிலிருந்து, இறங்கிய ஊரில் வாயிலில் போய் நிற்கும்வரை. விமானத் துறையில் அதை பிளாக் டைம் என்பார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பதும் அதில் அடக்கம். கொஞ்சம் தாராளமாகவே போட்டுவைப்பார்கள். அதனால்தான் கால் மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய விமானமும் பல சமயம் குறித்த நேரத்துக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

காற்றும் நேரத்தை மாற்றும். ஐரோப்பா, அமெரிக்கா போகிறவர்கள் மேற்கே போக அதிக நேரம், கிழக்கே வரக் குறைந்த நேரம் என்று கேள்விப்பட்டிருப்பார்கள். அங்கெல்லாம் மேல்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்றுதான் அதற்குக் காரணம். நம் வங்கக் கடலின் மேல், ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். தரையில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் அதே மாதங்களில், விமானம் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும் காற்று கிழக்கிலிருந்து மேற்காகப் பாய்கிறது. அதன் உச்ச வேகம் ஏறக்குறையச் சென்னை இருக்கும் அட்சரேகையை ஒட்டித்தான் இருக்கும். இதை 1958-இல் விரிவாக எழுதி உலகத்துக்குத் தெரிவித்தவர் இந்திய வானிலை விஞ்ஞானி பி. கோடேஸ்வரம். வழி முழுவதும் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் காற்று எதிர்த்தால், சிங்கப்பூர் போகும்போது 13 நிமிடம் கூடும். வரும்போது ஏறக்குறைய அதே அளவு மிச்சமாகும். ஆடி மாதத்தில் ஊர் திரும்பும் விமானம் சீக்கிரமே வந்துவிடலாம் என்பதால், அழைத்துப்போக வருகிறவர்களை முன்கூட்டியே வந்து நிற்கும்படி சொல்லிவையுங்கள்.

மழைக்காலத் தாமதத்துக்கும் இடம் விடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை சென்னையைச் சோதிக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுபாதையில் தண்ணீர் நின்று விமானங்கள் நிறுத்தப்பட்டன. போகியன்று விடியற்காலை புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போவதும் உண்டு. சிங்கப்பூர்ப் பக்கம், ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ராவிலிருந்து கிளம்பும் இடிமழை வரிசை ஒன்று விடியும் நேரத்தில் வந்து அடிக்கும்; அங்கே அதற்குப் பெயரே சுமத்ரா. சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் அந்த நேரத்துக்குத்தான் போய்ச் சேரும். விமானம் கால் மணி, அரை மணி வானத்திலேயே வட்டமிட்டால் பதற வேண்டாம். மழை வரிசை கடந்ததும் இறக்கிவிடுவார்கள். சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ வேறெங்கோ தொடர்கிறவர்கள், ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் இடையில் இரண்டு மணி நேரமாவது விட்டுப் போடுங்கள்.

வாசலிலிருந்து வாசல் வரை

மகள் அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டு அழைக்க வர வேண்டும். இங்கே தம்பி கார் ஓட்டிக்கொண்டுவந்து இறக்கிவிட வேண்டும். அவர்களுக்குத் தேவை மொத்தக் கணக்கு. அண்ணா நகரில் இருக்கும் ஒரு குடும்பத்துக்குப் போட்டுப் பார்ப்போம். விமானம் இரவு 11.15. மூன்று மணி நேரம் முன்னதாக, 8.15-க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மாலை நெரிசலில் ஒரு மணி நேரம். வீட்டை விட்டுக் கிளம்புவது 7.15. லக்கேஜ் குறைவாக இருந்தால் இந்த நேரத்துக்கு மெட்ரோதான் நம்பகமானது. ரயில் விமான நிலையத்திலேயே கொண்டுபோய் விடும். மின்ரயிலில் வருகிறவர்கள் எதிரே திரிசூலத்தில் இறங்கலாம். செக்-இன் கவுன்டர் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். வாசலில் நின்று வழியனுப்பும் பேச்சில் அந்த நேரத்தை விட்டுவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் காலை 6 மணி. இமிகிரேஷன், லக்கேஜ் எல்லாம் முடித்து வெளியே வர முக்கால் மணி முதல் ஒன்றேகால் மணி நேரம். சிங்கப்பூர் வருகை அட்டையைப் போவதற்கு மூன்று நாட்களுக்குள் அரசின் தளத்தில் நிரப்பிவிட்டால் வரிசையில் நேரம் மிச்சம். அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. விசா இதிலிருந்து வேறு. அதைத் தனியாக வாங்கியிருக்க வேண்டும். சாங்கியிலிருந்து நகர மையம் சுமார் 20 கிலோமீட்டர், டாக்சியில் அரை மணி நேரத்தை ஒட்டி ஆகும். லிட்டில் இந்தியா பக்கம் வீடு என்றால் ஏழரை, எட்டு மணிக்குக் காபி குடிக்கலாம். நம் கடிகாரத்தில் அப்போது அதிகாலை ஐந்து, ஐந்தரை. மாலை 7.15-க்குப் பூட்டிய வீட்டிலிருந்து மொத்தம் பத்து மணி நேரம். அதில் பறந்தது நான்கு மணி நேரம்கூட இல்லை.

இறங்கியதும் வெளியே இன்னும் இருட்டாக இருப்பதைப் பார்த்துக் கடிகாரம் தவறோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. சூரியக் கணக்கில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வித்தியாசம் 95 நிமிடம்தான். கடிகாரக் கணக்கிலோ 150 நிமிடம். 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர், மலேசியாவோடு சேர்ந்து, தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே நகர்த்தியது. அதற்கு முன் நமக்கும் அவர்களுக்கும் சரியாக இரண்டு மணி நேர வித்தியாசம். அந்த மாற்றத்தால் அங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய காலை ஏழு மணிக்கு விடிந்து மாலை ஏழு மணிக்கு இருட்டுகிறது. ஊரில் ஐந்து மணிக்கு எழுகிறவருக்கு அங்கே ஏழரைக்குத்தான் விழிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் உடம்பு பழகிவிடும். ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பினால் ஊரில் இரண்டரை மணிக்கு விழிப்பு வரும். அதுவும் இரண்டு மூன்று நாள்தான். இன்சுலின் போடுகிறவர்களும் வேளை தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கிளம்புமுன் மருத்துவரிடம் இந்த இரண்டரை மணி நேரத்தைச் சொல்லி, எந்த வேளையை எப்படி நகர்த்துவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும்.

கடைசியாக, விமானத்தைத் தவறவிடுகிறவர்களில் பலரைச் சிக்கவைக்கும் ஒன்று. நள்ளிரவு தாண்டிக் கிளம்பும் விமானங்கள் இந்தத் தடத்தில் உண்டு. டிக்கெட்டில் 15-ஆம் தேதி, 00.30 என்று போட்டிருந்தால், அது 14-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் பன்னிரண்டரை மணி. 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தைய இரவே போயிருக்கும். டிக்கெட் பணமும் பெரும்பாலும் போனதுதான். டிக்கெட் வந்த அன்றே வீட்டுக் காலண்டரில் 14-ஆம் தேதிக் கட்டத்தில், "இரவு 9.30-க்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும்" என்று பேனாவால் எழுதிவையுங்கள். கொண்டுபோய் விடப்போகிறவரையும் கூப்பிட்டு அந்தக் கட்டத்தைக் காட்டுங்கள்.